பார்க்காமல் ஆடுகிறவர்

"டேய், கவிழ்த்துடுடா! பிச்சமுத்து அண்ணனோட மோதாதே!"

அமிர்தராஜ் அதட்டினார். செல்லக்கண்ணு சீட்டை விடவில்லை.

பொன்மலைப் பட்டறையிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் சாயங்கால ரயில். விரித்த துண்டின் மேல் மூணு சீட்டு நடக்கிறது. ஆடுகிறவர்கள் அமிர்தராஜ், சேக் மைதீன், பட்டறைக்குப் புதிதாக வந்த செல்லக்கண்ணு. நாலாவது ஆள் ஜன்னலோரத்துப் பிச்சமுத்து.

பிச்சமுத்து அங்கே இல்லை. ஐப்பசி வெள்ளத்தில், காவேரிப் பாலத்தில், இதே வண்டியின் படியிலிருந்து தவறி விழுந்தவர். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் அவர் இடத்தில் யாரும் உட்காருவதில்லை. அவருக்கும் மூன்று சீட்டு போடுவார்கள். அவர் பங்குக் காசையும் முறை வைத்துப் போடுவார்கள். தினமும் அந்தக் கைதான் ஜெயிக்கும். ஜெயித்த காசு, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் கொய்யாப்பழம் விற்கும் அவர் மனைவி வேலம்மாளுக்குப் போகும்.

ஜெயிக்காமல் என்ன செய்யும்? மற்ற இரண்டு பேரும் சீட்டைப் பார்த்த கையோடு கவிழ்த்துவிடுகிறார்களே!

பயந்தாங்கொள்ளிகள். ஒரு வாரமாக இவர்கள் பேச்சைக் கேட்டுக் கவிழ்த்து, செல்லக்கண்ணு டீக்காசைத் தொலைத்ததுதான் மிச்சம்.

"இன்னிக்கு முடியாதுண்ணே. போட்ட காசை எதுக்கு விட்டுட்டு ஓடணும்?"

"சீட்டையாவது பார்த்தியா?"

"பார்க்கலை."

"பார்க்காமலே மோதுறியா? கிறுக்கா உனக்கு?"

"பார்த்துட்டு ஆடினா ரெட்டைக் காசு. பார்க்காம ஆடினா ஒத்தைக் காசு. செத்தவர் எங்கே பார்க்கப் போறார்? அவருக்கு எப்பவும் ஒத்தைதான். அதனால நானும் பார்க்கலை. சரிக்குச் சரி."

"செத்தவர்னு சொல்லாதேப்பா." சேக் மைதீன் ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னார். "காதுல விழும்."

"நீங்க பேய்க்குப் பங்காளியா இருங்க பாய். நான் ஆடத்தான் போறேன்."

பத்து நயா பைசாவைத் துண்டில் போட்டான். அமிர்தராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பிச்சமுத்துவுக்காகப் பத்து பைசா போட்டார். இவன் மறுபடி போட்டான். அவரும் போட்டார்.

வண்டி பாலத்தில் ஏறியது. ஆற்றுக் காற்று குபீரென்று உள்ளே புகுந்தது. செல்லக்கண்ணு தன் சீட்டை முழங்காலால் அமுக்கிக்கொண்டான். அமிர்தராஜ் தான் கவிழ்த்ததை அள்ளிப் பிடித்தார்.

ஜன்னலோரத்தில் கிடந்த மூன்று சீட்டு மட்டும் அசையவே இல்லை. மேலே யாரோ கை வைத்திருப்பது போல.

செல்லக்கண்ணு அதைப் பார்த்தான். ஆனாலும் விடுவானா?

"ஷோ!"

அவன் கையில் ஒரு ஜோடி நாலு. ஜன்னலோரத்துச் சீட்டையும் அவனே திருப்பினான். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. ஒன்றுக்கும் உதவாத கை.

மூன்று சீட்டும் ஈரமாக இருந்தன. வெளியே மழை இல்லை.

"பார்த்தீங்களா? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இதுக்குப் போயி தினம் தினம் பயந்து செத்தீங்களே!"

அமிர்தராஜ் தன் கையை விரித்துக் காட்டினார். மூன்று ராஜா.

"இதை வச்சுக்கிட்டுத்தான்டா கவிழ்த்தேன். பயந்தா கவிழ்த்தேன்?"

செல்லக்கண்ணு அந்த மூன்று ராஜாவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"உடம்பைக் கண்ணால பார்க்காம, புருசன் செத்ததை அந்தப் பொம்பளை நம்ப மாட்டேங்குது. பட்டறையில வசூல் பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தோம். 'உசிரோட இருக்கிறவருக்கு எதுக்கு வசூல்?'னு விட்டெறிஞ்சிருச்சு. அவர் சீட்டுல ஜெயிச்ச காசுன்னாத்தான் வாங்குது. அந்த வீட்டுல உலை கொதிக்கிறதே இதுலதான்."

"எங்கிட்டே முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லேண்ணே..."

"நீ ஓட்டைவாய். இப்போ நீயே போயி, 'இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் தோத்துட்டார்'னு சொல்லிட்டு வா. போ!"

வண்டி நிற்பதற்குள் செல்லக்கண்ணு குதித்து ஓடினான். அவனுக்கு முன்னால் ஒருத்தரும் இறங்கவில்லை.

வாசலில் வேலம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம்.

துண்டில் கிடந்த காசு அத்தனையையும் அவன் நீட்டினான்.

"அக்கா, இன்னிக்கும் அண்ணன்தான் ஜெயிச்சாங்க."

அவள் வாங்கவில்லை. சிரித்தாள்.

"ரெண்டு, அஞ்சு, ஒன்பதை வச்சுக்கிட்டு எவன்டா ஜெயிப்பான்?"

காசு அவன் கையிலிருந்து நழுவிக் கொட்டியது.

"இத்தனை நாளா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வந்தார், தம்பி. 'ஒருத்தனும் என்னோட ஆட மாட்டேங்கிறான், பிச்சை போடுறானுங்க'ன்னு ஒரே புலம்பல். நானும் வயித்துப்பாட்டுக்கு வாங்கிக்கிட்டேன். இன்னிக்குத்தான் சிரிச்சுக்கிட்டு வந்தார். 'ஒரு பையன் என்னோட ஆடிட்டான்டி'ன்னார். பொறுக்கிக்க. நீ நியாயமா ஜெயிச்ச காசு."

"எ... எப்போக்கா வந்தார்?"

"இப்பத்தான். உனக்கு ஒரு எட்டு முன்னாடி."

அவள் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை நனைந்திருந்தது.

"பயப்படாத ஆளு நீ ஒருத்தன்தானாம். நாளைக்கும் வந்து எதிர்ல உட்காரச் சொன்னார்."

"சரிங்கக்கா."

மறுநாளிலிருந்து செல்லக்கண்ணு பட்டறைக்கு சைக்கிளில் போகிறான்.