ஒரு சொல்லும் விடாமல்

"ஆர் சொன்னது எண்டு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

கஜந்தி விடிந்ததில் இருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்த மகள் சுபானி வாய் திறக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, நேற்றுப் பள்ளிக்கூடத்தால் கண் சிவந்து வந்தாள். இரவு சாப்பாட்டைத் தொடாமலே படுத்துவிட்டாள். கெஞ்சியும் அதட்டியும் கேட்டதில் ஒரு விஷயம்தான் வெளியே வந்தது. இங்கிலிஷ் பாடத்தில், வகுப்பு முழுக்கக் கேட்கத்தக்கதாக, 'வகுப்பிலயே சுபானிதான் ஆகக் கறுப்பு' என்று ஒரு வசனம் சொல்லப்பட்டதாம்.

"விடுங்கோ அம்மா. இனி அப்பிடி நடக்காது."

"ஏன் விடவேணும்? இண்டைக்கு நிறத்தைச் சொல்லுவினம். நாளைக்குப் பக்கத்தில இருக்கமாட்டம் எண்டுவினம். பள்ளிக்கூடத்துக்குப் போக உனக்கு மனம் வருமோ பிறகு?"

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த இளங்கீரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "டீச்சரைச் சந்திக்க நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுத்துக்கொண்டு போ கஜந்தி. சும்மா போய் நிண்டா கதைக்கமாட்டினம்."

"என்ர பிள்ளையை அழவைக்க அவை டெர்மின் எடுத்தவையோ?"

இளங்கீரன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

கஜந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூத்தவளின் நிறத்தைப் பற்றி வெளியார் எவரும் கதைக்க அவள் விட்டதே கிடையாது. ஒரு கலியாண வீட்டில், "மூத்தது தகப்பனை உரிச்சுக்கொண்டு வந்திட்டுது போல" என்று சிரித்த றீற்றா அக்காவோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொந்தச் சனத்தையே விட்டுவைக்காதவள், இந்த ஹனோவர்ப் பள்ளிக்கூடத்தையா சும்மா விடப்போகிறாள்?

சின்னவள் லவினியாவைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மூத்தவளைப் பிடித்து நிறுத்தினாள். "அழுத மூஞ்சியோட வராதை. முகம் இன்னும் கறுத்துப்போய் நிக்குது." ஈரத் துவாயால் துடைத்து, பவுடர் போட்டு, வெயில் படாமல் தொப்பியும் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

ட்ராமில் அவள் போட்ட சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவளுடைய ஜெர்மன், ஆஸ்பத்திரிக் குசினியில் செய்கிற சமையல் வேலைக்குப் போதும், சண்டைக்குப் போதாது. கோபம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும். வாடகை வீட்டுக்காரனிடமும் டொக்டரிடமும் அவளுக்காகப் பேசுகிற சுபானிதான் இன்றைக்கும் மொழிபெயர்க்க வேண்டும்.

இங்கிலிஷ் படிப்பிக்கிற லிண்ட்னர் டீச்சர் கோப்பிக் கோப்பையோடு ஆசிரியர் அறையால் வெளியே வந்தாள். தாயையும் மகளையும் கண்டதும் நின்று ஜெர்மனில் ஏதோ சொன்னாள்.

"நீங்களே வந்தது நல்லதாப் போச்சு எண்டு சொல்லுறா," என்றாள் சுபானி.

"நல்லதோ? என்ர பிள்ளையின்ர நிறத்தை வைச்சோ இங்கிலிஷ் படிப்பிக்கிறியள் எண்டு கேள்."

சுபானி மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள்.

"அவ்வளவு சின்னதாவோ நான் கேட்டனான்? நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லும் விடக்கூடாது."

சுபானி மறுபடி கேட்டாள். டீச்சர் சொன்ன பதிலைத் துண்டு துண்டாகத் தமிழில் தந்தாள். "பிக், பிக்கர், பிக்கெஸ்ட் படிப்பிச்சவவாம். ஒண்டைவிட ஒண்டு பெரிசு, எல்லாத்திலயும் பெரிசு எண்டு சொல்லுற பாடம். ஒவ்வொருத்தரும் எழும்பிச் சொந்தமா வசனம் சொல்லவேணுமாம்."

"இந்த வசனத்தைச் சொல்லேக்க இவ என்ன பாத்துக்கொண்டு நிண்டவவோ?"

"உடன நிப்பாட்டினவ அம்மா. அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டவ."

"நிப்பாட்டினாச் சரியோ? பிள்ளையள் தாங்களா இப்பிடிக் கதைக்காதுகள். வீட்டில சொல்லுறதைத்தான் வகுப்பில வந்து சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின்ர தாயைக் கூப்பிடச் சொல்லு. ஒரு பிஞ்சின்ர மனசை இப்பிடி நோகடிக்க உனக்கு வெக்கமில்லையோ எண்டு அவளின்ர முகத்தைப் பாத்துக் கேக்கவேணும் நான்."

சுபானி தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். "வீட்டை போவம் அம்மா."

"சொல்லு எண்டுறன்."

சுபானி சொன்னாள். டீச்சர் கோப்பையை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். பிறகு கஜந்தியின் முகத்தைப் பார்த்து, விளங்கட்டும் என்பதுபோல நிதானமாக, நீளமாகச் சொன்னாள். கஜந்திக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது.

சுபானி மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறா? உன்னையும் பயப்படுத்துறாவோ? நான் நிக்கிறன், பயப்பிடாதை. ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."

சுபானி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"'தன்னைப் பற்றி அந்த வசனத்தை எழும்பிச் சொன்னது உங்கட மகள்தான். ஆர் உனக்கு இப்பிடிச் சொன்னது எண்டு கேட்டன். தங்கச்சியையும் என்னையும் பக்கத்தில வைச்சு அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுறவ எண்டு அழுதா' எண்டு டீச்சர் சொல்லுறா அம்மா."