பூவாளி போகாத மூலை

அநியாயம் நடந்தது சூரியகாந்திக் கிழங்குக்கு. தோட்டத்து மூலையில் ஆளுயரம் வளர்ந்து, மஞ்சளாகப் பூத்து, மண்ணுக்கடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு வைக்கிற செடி அது. தோண்டியெடுத்த பிறகு மிஞ்சும் துண்டிலிருந்து மறுவருஷமும் தானே முளைத்துவிடும். அந்தத் திறமைக்காகவே பூவாளி அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

"அவ சமாளிச்சுக்குவா" என்று சொல்லிவிட்டுத் தினமும் தக்காளிப் பாத்தியிலேயே காலியாகிவிடும். தானாக முளைத்தால் தாகமே எடுக்காது என்பது எந்த ஊர் நியாயமோ!

"நான் வெயில் தாங்க மாட்டேன்க்கா" என்று தக்காளியும் கொஞ்சும்.

இந்தக் கோடையில் தக்காளிக்கு வாடல் நோய் வந்து பாத்தியே சாய்ந்தது. வீட்டுக்காரர்கள் மூலையைத் தோண்டினார்கள். விரல் தடிமன்கூட இல்லாத, சுருங்கிய கிழங்குகள்தான் கிடைத்தன.

"இது தேறாது. ஒரு துண்டு விடாமப் பொறுக்கி எறிஞ்சிட்டு வேற ஏதாச்சும் வைக்கலாம்" என்றார்கள்.

பூவாளியின் மூக்கு தொங்கிப்போயிற்று. மண்ணில் இன்னும் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டிடம் வந்து, இருந்த தண்ணீரையெல்லாம் கவிழ்த்தது. அப்போதும் பழியில் பாதியை அங்கேயே இறக்கிவைக்கப் பார்த்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?"

"கேட்டேன்க்கா. உச்சி வெயில்ல இலையெல்லாம் தொங்கப்போட்டு நின்னு கேட்டேன். நீங்கதான் தக்காளிகிட்ட, 'பாரு, எவ்வளவு அடக்கமாத் தலை குனிஞ்சு நிக்கிறா'ன்னு என்னைப் பாராட்டினீங்க."