தந்தி கொண்டுவந்தவர்

"வந்துட்டாங்கய்யா, உங்க வருஷாந்திர விருந்தாளி" என்றார் பக்கம் வடிவமைப்பவர்.

காலண்டர் தலையைத் தூக்கவே இல்லை. "உட்காரச் சொல்லுங்க" என்றார்.

காலண்டர் என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். அந்தத் தினசரியில் 'இதே நாளில் மறைந்த கலைஞர்கள்' என்று பத்து வருஷமாக எழுதுகிறவர். அதற்கு முன்னாலும் அங்கேயே சினிமாச் செய்தி பார்த்தவர். சினிமாக்காரர்களில் யார் எந்தத் தேதியில் போனார்கள் என்று எமனே இவரிடம் கேட்டுத்தான் சரிபார்த்துக்கொள்வான் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

விருந்தாளி, நாற்பது வயதுப் பெண். வீட்டிலேயே தையல் வேலை. ஆறேழு வருஷமாக இந்தத் தேதிக்கு முதல் நாள் டாண் என்று வந்து நிற்கிறாள். கையில் அதே போட்டோ. காக்கி உடுப்பு, சைக்கிள், தோளில் பை.

அவள் அப்பா எண்பது படங்களில் நடித்தவர். எண்பதிலும் ஒரே வேஷம், தபால்காரர். ஒரே வசனம், "சார், தந்தி." பிரித்துப் பார்த்தால் யாராவது செத்திருப்பார்கள். கதாநாயகன் கதறுவதற்குள் இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு திரையை விட்டே போயிருப்பார்.

நிஜத்தில் போனதும் அப்படித்தான். ஊரே கொண்டாடிய பெரிய நட்சத்திரம் கண்ணை மூடிய அதே நாளில் மூடினார். நாளையோடு பதினாலு வருஷம்.

"நாளைக்காவது அப்பா பேர் வருமா சார்? ஒரு வரி போதும். அம்மாவோட ஆசை."

"எத்தனை தடவைம்மா சொல்றது? அன்னிக்கு நம்ம பேப்பர்ல செய்தி வந்திருந்தாத்தான் சேர்ப்பேன். அதுதான் என் சட்டம். இல்லைன்னா ஆளாளுக்கு அவங்கவங்க சித்தப்பா பெரியப்பாவை நடிகர்னு தூக்கிட்டு வந்துடுவாங்க."

சண்டை போட்டாலாவது பரவாயில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இதுதான் கடைசி, இனிமேல் வந்து தொந்தரவு பண்ணமாட்டேன் என்று சொல்லி, போட்டோவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பின்பக்கம் விலாசம் எழுதியிருந்தது.

விட்டது சனி என்றிருந்தது அவருக்கு. உள்ளே கொஞ்சம் குறுகுறுக்கவும் செய்தது.

மத்தியானம், நட்சத்திரம் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று பார்க்கக் கீழே பழைய பேப்பர் அறைக்குப் போய் அந்தத் தேதிக் கட்டை எடுத்தார். அச்சேறாமல் நின்றுபோன தாள்களையும் பேப்பரோடு சேர்த்துக் கட்டிவைப்பது அந்த ஆபீஸ் வழக்கம். அவற்றை யார் புரட்டப் போகிறார்கள்? இன்றைக்குக் கயிறு இற்றுப்போய் அறுந்து, எல்லாம் காலடியில் சிதறின.

பொறுக்கும்போது ஒரு நோட்டுத்தாள் கைக்கு வந்தது. கோணல்மாணலான எழுத்து.

'என் கணவர் இன்று காலை காலமானார். எண்பது படங்களில் தபால்காரராக நடித்தவர். நாளை பத்து மணிக்கு எடுக்கிறோம். பேப்பரில் போட்டால் கூட நடித்தவர்கள் யாராவது வருவார்கள். தயவுசெய்யவும்.'

மூலையில் சிவப்பு மை. 'இடமில்லை. நாளை பார்க்கலாம்.' கீழே அவருடைய கையெழுத்து.

காலண்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்காம்! மறுநாள் பத்து மணிக்கே எடுத்துவிட்டார்களே. ஊர்ச் சாவையெல்லாம் சைக்கிளில் கொண்டுவந்த மனுஷனின் சாவு, இவர் மேஜையைத் தாண்டவில்லை. செய்தி வராமல் செய்ததும் இவர்தான், வந்ததா என்று சட்டம் பேசியதும் இவர்தான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். இவர் தொட்டிலைக்கூட ஆட்டவில்லை.

இந்தத் தாளை யார் கொடுத்தார்கள், எப்போது வாங்கினார், ஒன்றும் நினைவில்லை. எல்லாருடைய தேதியும் ஏறியிருக்கிற மண்டையில் இது மட்டும் ஏறவில்லை.

மறுநாள் பத்தியில் நட்சத்திரத்தின் படம் சுருங்கிக் கீழே போயிற்று. மேலே சைக்கிளோடு தபால்காரர் நின்றார், எட்டு வரியோடு. யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றுவிட்டார் காலண்டர்.

விடிந்ததும் இரண்டு பேப்பரை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பினார். மூன்றாம் மாடி. தையல் மிஷின் ஓசை நின்று கதவு திறந்தது. அவள் நின்றபடியே எட்டு வரியையும் படித்தாள். அப்பாவின் பெயரை விரலால் ஒருதரம் தடவினாள்.

"அம்மாவைக் கூப்பிடும்மா. அவங்களுக்கு ஒரு பேப்பரை என் கையாலேயே கொடுக்கணும்."

"அம்மா போன மாசம் போயிட்டாங்க சார்."

அம்மாவுக்கென்று வைத்திருந்த பேப்பரை அவர் கீழே இறக்கினார். வாயை மூடிக்கொண்டு படியிறங்கிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தத் தாள் சட்டைப் பையில் கனத்தது.

"ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு உங்க வீட்டிலேருந்து ஒரு சீட்டு வந்தது. அதை நான்தான்..."

"தெரியும் சார். உங்க கையில கொடுத்ததே அம்மாதான். நீங்க சிவப்பு மையில எழுதினதையும் பார்த்துட்டுத்தான் வந்தாங்க."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பின்னே ஏம்மா ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"வருஷா வருஷம் நான் குதிப்பேன் சார், இந்தத் தடவை நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்னு. அம்மா விட்டதே இல்லை." அவள் பேப்பரை மடித்தாள். "'அன்னிக்கு அந்த மனுஷர் பெரிய நடிகர் போன செய்தியை அழுதுக்கிட்டே எழுதிக்கிட்டிருந்தார்டி. நமக்கு மாதிரி அவருக்கும் அன்னிக்குச் சாவு. சாவு வீட்டில போய் யாராவது குத்தம் சொல்லுவாங்களா? மரியாதையா கேட்டுட்டு வா'ன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க."