மூன்றாவது ஜன்னல்

மேற்குச் சுவரில் மழை அடித்து அறைக்குள் ஈரம் இறங்கியது. வெளிப்பக்கம் தகரம் அடிக்க அளவெடுக்க வந்த தேவசகாயம், டேப்பைச் சுருட்டினார்.

“இருபதுக்குப் பத்து. ரெண்டு ஜன்னலைக் கழிச்சிட்டேன்மா.”

“மூணு ஜன்னல்ணே,” என்றாள் ஃப்ளோரா.

தேவசகாயம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நீலப் பெயிண்டில் வரைந்த சதுரம், நான்கு கம்பிகள், பின்னால் கையாட்டும் ஒரு சிறுமி.

“என் ரூமுக்கு மட்டும் ஜன்னல் இல்லைன்னு அழுதேன். அப்ப எட்டு வயசு. அண்ணன்தான் வெளிச்சுவத்துல இதை வரைஞ்சான். போன வருஷம் அவன் இறந்துட்டான்.”

“அந்த இடத்தை விட்டா ரூம் நனையுமேம்மா?”

“ஜன்னல்னா சாரல் அடிக்காதா?”

தேவசகாயம் டேப்பை மறுபடி இழுத்து அந்த நீலச் சட்டத்தை அளந்தார்.

“மூணடி,” என்றார். “மேல ஒரு சன்ஷேடு வச்சிரலாமா?”