குழியில் நின்ற நாற்காலி

தெரு நடுவே பெரிய குழி. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று, கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் சிவப்புத் துணி கட்டி அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். குப்பைக்குப் போக வேண்டிய தனக்கு இப்படியொரு வேலையா என்று நாற்காலிக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தார் வண்டி வந்தது. குழியை மூடியவர்கள் நாற்காலியைச் சுவரோரம் வீசினார்கள்.

"கவலைப்படாதே," என்றது காக்கை. "குடிநீர்க் குழாய் போட அடுத்த வாரம் மறுபடியும் தோண்டுவாங்களாம்."

நாற்காலிக்குப் போன உயிர் திரும்பியது. அப்போது பூங்கோதை சைக்கிளில் வந்தாள். தினமும் குழியருகே இறங்கி, பயந்து பயந்து உருட்டிப் போகிற பள்ளிக்கூடப் பெண். இன்று பாடிக்கொண்டே பறந்தாள். நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாயைக் கழுவு," என்றது நாற்காலி காக்கையிடம். "மூணு மாசமாப் பாக்கறேன், இவளுக்குப் பாட வரும்னு இன்னிக்குத்தான் தெரியுது."