அர்த்தம் மட்டும் சொல்லு

முரளீதரன் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஊஞ்சலில் உட்கார்ந்து, மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் பேப்பரைப் பூமாவிடம் நீட்டினான். "எங்கே, இந்தப் பத்தியை வாசிச்சு அர்த்தம் சொல்லு பார்ப்போம்."

பூமாவின் அம்மா வரலக்ஷ்மி சமையலறை வாசலில் வந்து நின்றாள். இந்த நாளுக்காகத்தான் மூன்று வருஷமாக வரதராஜப் பெருமாளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். பெண் ஒரு வார்த்தை தடுமாறினாலும் மாப்பிள்ளை எழுந்து போய்விடுவாரே!

பூமா அவனோடு மெட்ராஸில் குடித்தனம் செய்தது சில மாசம்தான். "என் சிநேகிதாள்லாம் பொண்டாட்டியோட துரை வீட்டு டீ பார்ட்டிக்குப் போறா. நீ வந்து ஊமையா நிக்கறே. இங்கிலீஷ் வந்தப்புறம் சொல்லியனுப்பு, அழைச்சுக்கறேன்" என்று சின்ன காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன், அதற்கப்புறம் இன்றைக்குத்தான், வரலக்ஷ்மி சொல்லியனுப்பியதன் பேரில், படியேறியிருக்கிறான்.

அவன் விட்டுவிட்டுப் போன மறுநாளே பூமா, எதிராத்து வக்கீல் படித்துப் போட்ட பேப்பரைக் கேட்டு வாங்கி வந்தாள். எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஒரு செய்தியை எடுத்து, கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு தமிழில் எழுதுவாள். மறுநாள் பேப்பரை மூடி வைத்துவிட்டு அந்தத் தமிழைத் திரும்ப இங்கிலீஷாக்கி, எங்கே தப்பு என்று ஒத்துப் பார்ப்பாள்.

சட்டசபைச் செய்தியில் 'ஹௌஸ் ரோஸ்' என்று இருந்ததை 'வீடு எழுந்தது' என்று எழுதி வைத்துவிட்டாள் ஒரு தடவை. 'சபை கலைந்தது' என்று புரிந்தபோது அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தெருவிலும் சிரித்தார்கள். "பேப்பர் படிச்சா ஆம்படையான் வந்துடுவானோ?" என்று குளத்தங்கரையில் ஒருத்தி கேட்டாள். வரலக்ஷ்மி குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள். "வராரா இல்லையான்னு நாங்க பார்த்துக்கறோம். உங்காத்துப் பேப்பரை ஒண்ணும் கேக்கலையே!"

சமீபகாலமாகப் பூமா பேப்பர் வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினாள். "அதுல என்னடி அப்படி?" என்று கேட்டாள் வரலக்ஷ்மி.

"விளம்பரம்மா. எங்கே வேலை காலி, எந்தப் பள்ளிக்கூடத்துல சேரலாம்னு போட்டிருப்பான். சின்னச் சின்ன வாக்கியமா இருக்கும், சுலபமா வாசிக்கலாம்."

இப்போது அதே பெண், தடங்கலில்லாமல் பத்தியை வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஸ்திரீகளுக்கு இங்கிலீஷ் அவசியந்தான். ஆனால் புருஷனுக்கு நல்ல துணையாக இருக்கும் அளவுக்குப் போதும். அதற்கு மேல் படித்தால் குடும்பம் கெடும். இப்படி ஒருத்தர் சபையில பேசியிருக்கார்." கொஞ்சம் நிறுத்தி, "சுத்த அபத்தம்" என்றாள்.

முரளீதரன் சிரித்துவிட்டான். "உன் அபிப்ராயத்தை யார் கேட்டா? அர்த்தம் மட்டும் சொல்லு, போதும். பரவாயில்லையே, பாஸ் பண்ணிட்டே! பெட்டியைக் கட்டு. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பலாம்."

வரலக்ஷ்மிக்கு ஆனந்தக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மாப்பிள்ளைக்குப் பாயசமாகத் திருக்கண்ணமுது வைக்க வெல்லத்தை எடுத்தாள். தட்டி முடிக்கவில்லை, பூமா டிரங்குப் பெட்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். வாசலில் ஜட்கா வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அதுக்குள்ள வண்டியா? பலே!" என்று எட்டிப் பார்த்த முரளீதரன் முகம் சுளித்தான். வண்டிக்குள் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். "யார் இது?"

"மேரி டீச்சர். இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்துல இருக்கா. என்னை மெட்ராஸுல டீச்சர் டிரெயினிங்ல சேர்த்துவிட்டு வரப் போறா. பேப்பர்ல விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன், ஹாஸ்டல்லயே இடம் கிடைச்சாச்சு, இன்னிக்குக் கிளம்பறதுன்னு முன்னாடியே ஏற்பாடு."

"என்ன உளறறே? அதான் பாஸுன்னு சொல்லிட்டேனே!"

"அதுக்காக நான் படிக்கலை."

"பின்னே எதுக்கு எனக்கு வாசிச்சுக் காட்டினே?"

"அர்த்தம் தெரியுமான்னு கேட்டேள், சொன்னேன். உங்களோட வரேன்னு எப்போ சொன்னேன்?"

வரலக்ஷ்மி கை வெல்லத்தோடு ஓடி வந்தாள். "ஏண்டி, என்கிட்டகூடச் சொல்லலையே!"

"சொன்னா நீ அழுவேம்மா. நீ அழுதா எனக்குப் போக மனசு வராது." பூமாவின் குரல் அப்போதுதான் முதல்முறையாக நடுங்கியது. ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

முரளீதரன் வாசலுக்குப் போகும் ரேழியில் குறுக்கே போய் நின்றுகொண்டான். "மாமி, உங்க பொண்ணுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கோ. இவ இந்த வாசப்படி தாண்டினா, அப்புறம் நான் சேர்த்துக்கவே மாட்டேன்!"

வரலக்ஷ்மி அவனைப் பார்த்தாள். மூன்று வருஷமாக ஒரு கார்டு போட்டு, பெண் இருக்கிறாளா செத்தாளா என்று கேட்காதவன். பிறகு மகளைப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது, தலை நிமிர்ந்தே இருந்தது.

வெல்லப் பிசுக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பெட்டியின் மறுபக்கத்துப் பிடியை அவள் பற்றினாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வழி விடுங்கோ."