கொட்டை எழுத்தில் ஒரு பெயர்

லண்டன் புத்தகக் கடைத் தெருக் கம்பத்தில் விளம்பரமாக ஒட்டியிருந்த தலைப்புப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, தபிதாவின் அச்சுக் கடைக்குள் பாய்ந்தாள் டார்கஸ்.

"தபிதாக்கா! 'அடுப்பின் முறையீடு' நான் எழுதினது. என் புருஷன் பேரைப் போட்டிருக்கியே, அடுக்குமா?"

பின்னாலேயே வந்த ஆம்ப்ரோஸ் சிரித்தான்.

"நான்தான் போடச் சொன்னேன். கடைப் பேருகூட வேண்டாம், என் பேரை மட்டும் கொட்டை எழுத்துல போடுன்னேன். பொம்பளை எழுதினதுன்னா ஊரே சிரிக்கும்டி!"

"உள்ளே ஒரு வரியாவது படிச்சியா?" என்று சீறினாள் டார்கஸ்.

"அடுப்பங்கரைப் புலம்பலைப் படிக்க வேற செய்யணுமா?"

அப்போது கையில் அந்தப் புத்தகத்தோடு அரசாங்கச் சேவகர்கள் இருவர் உள்ளே வந்தார்கள்.

"இதை எழுதின ஆம்ப்ரோஸ் யாரு?"

"அடியேன்தான்!" நெஞ்சை நிமிர்த்தினான்.

"நட சிறைக்கு. அடுப்புக்கு வரி போட்ட ராஜாவைத் திருடன்னு ஒன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கியே!"

ஆம்ப்ரோஸ் சட்டென்று டார்கஸைக் கைகாட்டினான். "ஐயோ சாமி, நான் எழுதலை! எல்லாம் இவ எழுதினது!"

"பொம்பளை எழுதினாளாம்!" சேவகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு டார்கஸைச் சுட்டது. தபிதா அவள் கையைப் பிடித்து, "சும்மா இருடி, சனியன் தானா தொலையுது," என்று கிசுகிசுத்தாள்.

டார்கஸ் கையை உதறிவிட்டு வாசலை மறித்தாள்.

"சிரிக்காதீங்கய்யா! ஒன்பதாம் பக்கம் என்ன, மொத்தப் புத்தகமும் நான் எழுதினதுதான். என்னைப் பிடிச்சுட்டுப் போங்க!"

சேவகன் அவளை மெல்ல விலக்கிவிட்டு, ஆம்ப்ரோஸின் முதுகில் தட்டினான்.

"கொடுத்து வச்சவன்யா நீ! புருஷனைக் காப்பாத்த இப்படிப் பொய் சொல்ற பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பா?"